கைட்டோசான்: இறால் ஓட்டிலிருந்து காயக்கட்டு வரை

கைட்டோசான் என்பது இறால், நண்டு ஓடுகளிலுள்ள கைட்டின் என்னும் நார்ப்பொருளை மாற்றிப் பெறும் மருத்துவப் பொருள். இரத்தப்போக்கை நிறுத்தும் காயக்கட்டுகள் இதைக் கொண்டு செய்யப்படுகின்றன.

இதன் வரலாறு தொடங்கியது காளானில். 1811இல் பிரான்சின் ஆன்றி பிரகோனோ, காளானிலிருந்து கைட்டினை முதலில் பிரித்தார். 1823இல் ஓடியே அதைப் பூச்சிகளின் மேலோட்டில் கண்டு, மேலாடையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து பெயரிட்டார். 1859இல் ருஜே அதைக் காரத்தில் கொதிக்கவைத்து, அமிலத்தில் கரையும் பொருளாக்கினார். 1894இல் ஹோப்பே-சைலர் அதற்குக் கைட்டோசான் என்று பெயர் வைத்தார்.

தெற்காசியாவில் இந்த ஆய்வு வேரூன்றிய இடம் கொச்சி. ஏற்றுமதிக்கு உரிக்கும் இறாலில் ஏறக்குறைய பாதி எடை தலையும் ஓடுமாகக் கழியும். அங்குள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனத்தின் மாதவனும் ராமச்சந்திரன் நாயரும், அந்தக் கழிவைக் கைட்டோசானாக்கும் முறையை 1974இல் வெளியிட்டனர்.

ஓட்டை நீர்த்த காரத்தில் வேகவைத்தால் புரதம் கழன்றுவிடும். நீர்த்த அமிலத்தில் போட்டால் சுண்ணாம்பு நுரைத்துக் கரையும். எஞ்சும் கைட்டினைச் செறிந்த காரத்தில் சூடாக்கினால், வெளிறிய செதில்களாகக் கைட்டோசான் கிடைக்கும்.

கைட்டோசானின் நேர்மின்னூட்டம், எதிர்மின்னூட்டமுள்ள செங்குருதி அணுக்களை இழுத்துப் பிடித்துக் காயத்தின் வாயை அடைக்கிறது. இறால் ஓட்டுக் கைட்டோசானில் செய்த ஹெம்கான் கட்டுக்கு 2002இல் அமெரிக்கா அனுமதி அளித்தது. அமெரிக்கப் படையினர் அதைப் போர்க்களத்தில் பயன்படுத்தினர். 2008இல் தொடங்கிய ஆக்சியோ பயோசொல்யூஷன்ஸ் என்ற இந்திய நிறுவனம் ஆக்சியோஸ்டாட் என்ற கட்டைத் தயாரித்தது.

இலங்கையில் இறால் வளர்ப்பின் மையம் புத்தளம், சிலாபம் கரையோரம். கட்டின் தேவையோ மலையகத்திலும் உண்டு. ஹட்டன், நுவரெலியாத் தோட்டங்களில் மழைக்காலத்தில் கொழுந்தெடுக்கும் பெண்கள் அட்டைக்குப் பயந்து காலில் சவர்க்காரம் பூசிக்கொள்கிறார்கள். அப்படியும் கடித்துவிட்டால், அட்டை விழுந்த பின்னும் இரத்தம் கசிந்துகொண்டே இருக்கும். அதன் உமிழ்நீர் இரத்தத்தை உறையவிடுவதில்லை. கைட்டோசான் உடலின் உறைதல் முறையை மட்டும் நம்பியிருப்பதில்லை. உறைதல் தடைப்பட்ட இரத்தத்தையும் அது கட்டியாக்கும். கவ்வாத்துக் கத்தி ஆழமாக வெட்டினால், பெரியாஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்வரை இரத்தத்தைத் தடுத்து வைப்பதுதான் முதல் வேலை. தோட்டத்து டிஸ்பென்சரி அலமாரியில் இந்தக் கட்டு இருக்க வேண்டியது அதற்காகத்தான்.