பற்றரி மூடியைத் திறந்து பார்த்தல்

“பாட்டுக் கேட்க மட்டும் ஒரு பிளேயர் வாங்கவேணும், ஆனா அஞ்சாறு வருசமாவது நிக்கவேணும். எதை வாங்கலாம்?” இந்தக் கேள்வி இப்ப எங்களுக்குள்ளே அடிக்கடி வருகிறது. போனில் பாட்டைப் போட்டால் பாதியிலே ஏதாவது மெசேஜ் வந்து இழுத்துக்கொண்டு போய்விடுகிறது, டேற்றாவும் கரைகிறது. சரி, தனியாக ஒரு பிளேயர் வாங்குவோம் என்று விசாரித்தால், பதில் சொல்லும் ஆக்கள் எல்லாரும் அதின்ர உடம்பைப் பற்றியே பேசுகிறார்கள். உலோகமா பிளாஸ்ரிக்கா, விழுந்தா உடையுமா, தண்ணி போகுமா?

இந்தக் கருவிகளின் ஏறத்தாழ எழுபது வருட வரலாற்றைப் புரட்டிப் பார்த்தபோது எங்களுக்கு வேறொன்று பட்டது. கேட்கவேண்டிய முதல் கேள்வி உடம்பைப் பற்றியதல்ல, சாப்பாட்டைப் பற்றியது. மின்சாரம் எதிலிருந்து வருகிறது, அது தீர்ந்தால் யார் மாற்றலாம்?

1954இல் அமெரிக்காவில் ரீஜென்சி டிஆர்-1 என்ற ரேடியோ விற்பனைக்கு வந்தது. கடையில் வாங்கக்கூடிய முதல் திரான்சிற்றர் ரேடியோ அதுதான். உள்ளே நாலே நாலு திரான்சிற்றர், விலை 49.95 டொலர். ஆனால் அது கேட்டது 22.5 வோல்ற் பற்றரி. அந்தக் காலத்தில் காதுகேள் கருவிகளுக்குப் பாவித்த வகை. இன்று அந்த ரேடியோவை நல்ல நிலையில் வைத்திருப்பவர்கள்கூட அதைப் பாடவைக்கப் பற்றரி தேடி அலையவேணும். உடம்பு இருக்கு, சாப்பாடு இல்லை.

சோனியின் வோக்மன் கதை வேறு. நீண்ட விமானப் பயணங்களில் ஸ்ரீரியோவில் பாட்டுக் கேட்கவேணும் என்று சோனியின் நிறுவனர்களில் ஒருவரான மசாரு இபுக்கா ஆசைப்பட்டார். பத்திரிகையாளருக்கென்று ஏற்கனவே விற்றுக்கொண்டிருந்த பிரஸ்மன் என்ற சின்ன ரெக்கோடரை எடுத்து, பதிவுசெய்யும் பகுதியைக் கழற்றி, ஸ்ரீரியோவாக மாற்றிக் கொடுத்தார்கள் பொறியியலாளர்கள். பதிவுசெய்ய முடியாத ரெக்கோடரை யார் வாங்குவான் என்று கம்பனிக்குள்ளேயே சந்தேகம் இருந்தது. மற்ற நிறுவனரான அக்கியோ மொரிற்றா விடவில்லை. 1979 ஜூலை 1ஆம் திகதி டிபிஎஸ்-எல்2 வெளியானது. விலை 33,000 யென். நீலமும் வெள்ளியும் கலந்த உடம்பு. ரெண்டு பேர் சேர்ந்து கேட்க ரெண்டு ஹெட்போன் துளை. காதில் பாட்டு ஓடும்போதே பக்கத்தில் இருப்பவரோடு கதைக்க ஒரு செம்மஞ்சள் பொத்தான். (தனிமையை வளர்த்த கருவி என்று பிறகு வாங்கிக் கட்டிக்கொண்ட வோக்மன், ரெண்டு பேருக்காகச் செய்யப்பட்டதென்பது எங்களுக்குப் பிடித்த விசயம்.)

அதற்குள்ளே போனது ரெண்டு பென்ரோச் பற்றரி. அந்த அளவு 1947இலேயே அமெரிக்காவில் தரப்படுத்தப்பட்டுவிட்டது. எந்தக் கம்பனி செய்தாலும் நீளமும் மொத்தமும் ஒன்று. கசெற்றும் அப்படித்தான். பிலிப்ஸ் கம்பனி 1963இல் அறிமுகப்படுத்தி, பிறகு கட்டணம் வாங்காமல் மற்றக் கம்பனிகளையும் செய்யவிட்டது. ஆக வோக்மனுக்குத் தேவையான ரெண்டு சாமானுமே சோனியின் கையில் இல்லை. சோனி நாளைக்கே கடையைப் பூட்டினாலும் பெட்டி பாடும்.

அதற்காக வோக்மன் சாகாவரம் பெற்றதென்று சொல்லவரவில்லை. உள்ளே மோட்டரையும் சக்கரத்தையும் இணைக்கும் றப்பர் பட்டி இழுபட்டுத் தளரும், சிலதில் உருகித் தாராக ஒட்டும். ஹெட்டில் அழுக்குப் பிடிக்கும். ஆனால் அழுக்குக்குப் பஞ்சும் ஸ்பிரிற்றும் போதும், பட்டிக்கு ஒரு ஸ்குரூ டிரைவரும் கொஞ்சம் பொறுமையும் போதும்.

பென்ரோச் பற்றரியே கடையில் இல்லாமல் போனால்? இதற்குப் பதில் தேட யப்பானுக்குப் போகத் தேவையில்லை. 1990 ஜூனில் இரண்டாம் ஈழப்போர் தொடங்கிய பிறகு யாழ் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. பொருளாதாரத் தடையும் வந்தது. பெற்றோல், சீமெந்து, உரம் என்று நீண்ட தடைப்பட்டியலில் பற்றரியும் இருந்தது. கையில் இருந்த பற்றரிகளை ஆக்கள் வெயிலில் காயவைத்துக் காயவைத்துப் பாவித்தார்கள். கசெற்றைச் சுத்திப் பின்னுக்குக் கொண்டுவரும் வேலையைப் பென்சில் செய்தது. மோட்டருக்கு அந்தச் செலவைக் கொடுக்கக் கட்டுப்படியாகாது. அதுவும் முடிந்தபோது சைக்கிள் வந்தது.

எங்கட அம்மா அப்பாமாரின் வயதில் உள்ள யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள். சைக்கிளைக் கவிழ்த்து வைத்தோ ஸ்ராண்டில் நிறுத்தியோ ஒருவர் பெடலைச் சுத்துவார். டைனமோவிலிருந்து வரும் வயர் ரேடியோவுக்கோ கசெற் ரெக்கோடருக்கோ போகும். பிபிசி தமிழோசையும் வெரித்தாஸும் அப்படித்தான் பல வீடுகளில் கேட்டன. ஓ.எல். விஞ்ஞானம் படித்த எங்களுக்கு இதன் சிக்கல் விளங்கும். டைனமோ தருவது ஆடலோட்டம், ரேடியோ கேட்பதோ நேரோட்டம். இடையில் இருவாயிகளும் ஒரு கொள்ளளவியும் வேணும். பழுதாய்ப்போன வேறொரு பெட்டியிலிருந்து அவற்றைக் கழற்றிப் பொருத்தத் தெரிந்தவர் ஊரில் இருந்தால் அவருக்கு நல்ல மரியாதை. பெடல் சுத்துபவருக்குக் கை உளைந்து வேகம் குறைந்தால் ரேடியோ சத்தம் மெலியும். கசெற் என்றால் இன்னும் மோசம், மோட்டர் தளர்ந்து பாடகரின் குரல் இழுபடும்.

இது எங்கட ஆக்களின் கெட்டித்தனம் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகலாம், பல பேர் அப்படித்தான் எழுதுகிறார்கள். நாங்கள் அந்தப் பெட்டியின் பக்கமும் நின்று பார்க்கிறோம். பற்றரி மூடியைத் திறந்தால் வெளியே தெரிகிற சுருள்கம்பியும் தகடும் இருந்ததால்தான் வயரைக் கொழுவ முடிந்தது. வோல்ற் சரியாக இருந்தால் போதும், மின் எங்கிருந்து வருகிறது என்று பெட்டி கேட்கவில்லை. தடையைப் பற்றி யோசித்து எந்தக் கம்பனியும் அப்படிச் செய்யவில்லை. ஆனாலும் திறந்திருந்த ஒரு மூடி, கம்பனி கனவிலும் நினைக்காத இடத்தில் உதவியது.

உலகத்தின் மற்றப் பக்கத்தில் அந்த மூடி மெல்ல மெல்லச் சின்னதாகிக்கொண்டிருந்தது. 1980களின் நடுப்பகுதியிலிருந்தே மெல்லிய வோக்மன்களுக்குச் சுவிங்கம் துண்டு மாதிரித் தட்டையான, சாஜ் பண்ணும் பற்றரி வந்தது. சாதாரணப் பற்றரி போடுவதென்றால் வெளியே தனியாக ஒரு குப்பியைப் பொருத்தவேணும். 1991இல் லிதியம் அயன் பற்றரியை முதன்முதலில் வணிகத்துக்குக் கொண்டுவந்ததும் சோனிதான். பாரம் குறைவு, சக்தி கூட. ஆனால் பொதுவாக 300 - 500 முழுச் சாஜுக்குப் பிறகு அதன் கொள்ளளவு கணிசமாகக் குறைந்துவிடும், சும்மா மேசையில் கிடந்தாலும் வயது போகும்.

2000ஆம் ஆண்டின் முடிவில் பிரான்ஸின் ஆர்க்கோஸ் கம்பனி யூக்பொக்ஸ் 6000 என்ற எம்பி3 பிளேயரை வெளியிட்டது. 6 ஜிபி ஹாட் டிஸ்க், தடித்த உடம்பு, உள்ளே பென்ரோச் அளவில் சாஜ் பண்ணக்கூடிய நாலு பற்றரி. அடுத்த வருடம் ஒக்ரோபர் 23ஆம் திகதி அப்பிளின் ஐபொட் அறிவிக்கப்பட்டது. 5 ஜிபி, 399 டொலர். சட்டைப் பொக்கற்றுக்குள் போகும் அளவு, பளபளவென்று மினுங்கும் முதுகு, ஒரு ஸ்குரூவும் வெளியே தெரியாது. எது வென்றது என்று சொல்லத் தேவையில்லை. அந்த வயதில், கையில் காசும் இருந்திருந்தால், நாங்களும் ஐபொட்டைத்தான் எடுத்திருப்போம். செங்கல்லைக் கொண்டு திரிய யாருக்கு ஆசை?

விலை பிறகு வந்தது. 2003இன் முடிவில் நியூயோர்க்கின் நைஸ்ராற் சகோதரர்கள் ஒரு குறும்படம் வெளியிட்டார்கள். பற்றரி செத்த ஐபொட்டுக்கு என்ன செய்வதென்று கேட்டபோது, திருத்துவதைவிடப் புதிதாக வாங்குவது நல்லது என்ற மாதிரிப் பதில் கிடைத்ததாம். தெருவில் ஒட்டியிருந்த ஐபொட் விளம்பரங்களின் மேல், இதன் பற்றரி 18 மாதம்தான் என்று அவர்கள் பெயின்ற் அடித்துக்கொண்டு போவதுதான் படம். ஏறத்தாழ அதே நேரத்தில் அப்பிள் 99 டொலருக்குப் பற்றரி மாற்றும் திட்டத்தை அறிவித்தது. அது படத்துக்கு முன்னமே தயாரான திட்டம் என்றும் சொல்லப்பட்டது, ஆகவே படம்தான் செய்வித்தது என்று நாங்கள் அடித்துச் சொல்லமாட்டோம். பற்றரி தொடர்பான கூட்டு வழக்கு ஒன்று 2005இல் சமரசத்தில் முடிந்தது.

முதல் ஐபொட்டின் பற்றரி உள்ளே பிளக்கில் கொழுவியபடிதான் இருந்தது. பிளாஸ்ரிக் தகட்டால் ஓரத்தை நெம்பத் தெரிந்தால் மாற்றிவிடலாம். 2005இல் வந்த நானோவில் அதை ஈயம் வைத்து ஒட்டிவிட்டார்கள். அதனால்தான் இன்றைக்கும் ஆர்வலர்கள் பழைய ஹாட் டிஸ்க் ஐபொட்களைத் தேடி வாங்கி, டிஸ்க்கைக் கழற்றி மெமரி காட் போட்டு, புதுப் பற்றரியும் வைத்துப் பாடவிடுகிறார்கள். அப்பிள் 2022 மேயில் ஐபொட் வரிசைக்கே மூடுவிழா நடத்திவிட்டது. இவர்களின் பெட்டிகள் இன்னும் பாடுகின்றன. ஆர்க்கோஸும் முழுதாய்த் தோற்கவில்லை. அதற்கென்று 2001இன் கடைசியில் சுவீடன்காரர் சிலர் எழுதத் தொடங்கிய ரொக்பொக்ஸ் என்ற இலவச மென்பொருள் பிறகு பல பழைய பிளேயர்களுக்கும் ஐபொட்டுக்கும்கூடப் பரவியது.

ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் நிறைவேற்றிய சட்டப்படி, 2027 பெப்ரவரி 18 முதல் கையடக்கக் கருவிகளின் பற்றரியைப் பாவிப்பவரே மாற்றக்கூடியதாக இருக்கவேணும், சில விதிவிலக்குகளோடு. அந்த மூடி சட்டத்தின் வழியாகத் திரும்பி வருகிறது.

இனி, வாங்கப்போகிறவர்களுக்கு. தண்ணி போகாது என்ற விளம்பரத்தைப் பார்த்து மயங்கவேண்டாம். தண்ணி போகாமல் பசை வைத்து ஒட்டிய பெட்டிக்குள் ஸ்குரூ டிரைவரும் லேசில் போகாது. அந்த மொடலைத் திறந்து பற்றரி மாற்றும் வீடியோ இருக்கிறதா, அந்தப் பற்றரி தனியாக விற்பனைக்கு இருக்கிறதா என்று காசு கொடுக்க முன்னம் தேடிப் பாருங்கள். மெமரி காட் போடும் இடமும் சாதாரண ஹெட்போன் துளையும் இருப்பது நல்லது. கணக்குத் திறக்காமல், கணினியில் கொழுவிப் பாட்டை இழுத்துப் போட முடியவேணும். கொஞ்ச நாள் பாவிக்காமல் வைப்பதென்றால் பாதிச் சாஜோடு வையுங்கள்.

வீட்டு அலுமாரியில் பழைய வோக்மன் ஒன்று கிடந்தால் அதையும் எறியவேண்டாம். மூடியைத் திறந்து பாருங்கள். அல்கலைன் பற்றரி கசிந்து வெள்ளையாகப் பூத்திருந்தால், வினாகிரி தொட்ட பஞ்சால் துடைத்து நன்றாகக் காயவிடலாம். பிறகு ரெண்டு புதுப் பற்றரியைப் போட்டுப் பிளேயை அழுத்துங்கள். மோட்டர் சத்தம் கேட்டும் கசெற் சுத்தவில்லையென்றால், அனேகமாகப் பட்டிதான்.