அடைகல்லும் அடிகல்லும்

ஊருக்கு ஓர் உலைக்களம் இருந்த காலம் ஒன்று உண்டு. ஏரின் கொழுவும், கதிர் அறுக்கும் அரிவாளும், வண்டிச் சக்கரத்தின் பட்டையும் அங்கேயே பிறந்தன. தீயை வளர்ப்பது துருத்தி, இரும்பைப் பற்றுவது குறடு, அடிப்பது சம்மட்டி. அசையாது கிடந்து அத்தனை அடியையும் தாங்குவது ஒன்றே. அதனை அடைகல் என்றும், உலைக்கல் என்றும், பட்டடை என்றும் நம் முன்னோர் வழங்கினர்.

புறநானூற்றில் உறையூர் மருத்துவன் தாமோதரனார், பிட்டங்கொற்றனின் வலிமையைக் கொல்லனின் கூடத்தை எதிர்த்து நிற்கும் உலைக்கல்லுக்கு ஒப்பிடுகிறார். வள்ளுவரோ, கூடா நட்பினைப் பட்டடையாகக் காண்கிறார். தாங்குவதுபோல் இருந்து, வேளை வந்தபோது அடிப்பதற்குத் துணையாவது அன்றோ அது?

கன்னட மக்களும் இக்கருவியை ‘அடிகல்லு’ என்பர். நாம் உருக்கு என்பதை அவர்கள் ‘உக்கு’ என்பர். அச்சொல்லே மேல்நாட்டார் நாவில் ‘ஊட்ஸ்’ எனத் திரிந்தது என்பது அறிஞர் பலர் கருத்து. கொங்குநாட்டுக் கொடுமணல் அகழாய்வில் இரும்புத் தொழிலின் உலைகள் வெளிப்பட்டன. பெங்களூரை அடுத்த மாகடிப் பக்கத்து இரும்புத் தொழிலை, 1800-இல் மைசூர் நாட்டைச் சுற்றிவந்த பிரான்சிஸ் புக்கானன் எழுதிவைத்தார். 1819-இல் மைக்கேல் பாரடே இந்திய எஃகை ஆராய்ந்து கட்டுரை வெளியிட்டார். இரு மொழியாருக்கும் பொதுவான பெருமை இது.

நம் ஊர்க் கொல்லர் நிலத்தில் அமர்ந்து, மரக்கட்டையில் பதித்த சிறு பட்டடையில் தொழில் செய்தனர். ஒருபுறம் கொம்புபோல் நீண்ட பெரும் பட்டடை, ஆங்கிலேயரின் படையோடும் புகைவண்டியோடும் வந்தது. 1809-இல் பெங்களூரில் தண்டு அமைந்தது. 1864-இல் சோலையார்பேட்டையிலிருந்து இருப்புப்பாதை வந்தது. சென்னைச் சாப்பர் படையிலும், 2001-இல் மூடப்பட்ட கோலார்த் தங்கவயலிலும், 1940-இல் தோன்றிய விமானத் தொழிற்சாலையிலும் தமிழர் பலர் உழைத்தனர். சுரங்கத்துப் பாறையில் மழுங்கிய உளிகளைக் கூராக்கக் கொல்லன் கை வேண்டியிருந்தது.

இன்று அத்தகைய பட்டடைகள் பழைய இரும்புக் கடைகளில் எடைக்கு விலைபோகின்றன. கொல்லுத்தொழில் பயில விரும்பும் இளைஞர் ஒன்றைக் கண்டால், முதலில் அதன் பக்கத்தைத் துடைத்துப் பார்த்தல் வேண்டும். ஆங்கிலப் பட்டடைகள் பலவற்றில் மூன்று எண்கள் இருக்கும். முதல் எண் 112 பவுண்டுக் கணக்கு. இரண்டாவது 28 பவுண்டுக் கணக்கு. மூன்றாவது தனிப் பவுண்டு. 1, 2, 10 என்றிருப்பின் 178 பவுண்டு. ஏறத்தாழ 81 கிலோ. பின்னர்ச் சிறு சுத்தியலால் மெல்லத் தட்டுக. மணிபோல் ஒலித்தால் நல்லது. மந்தமாக ஒலித்தால் வார்ப்பிரும்பாகவோ விரிசல் கண்டதாகவோ இருக்கலாம்.

துருவைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, எண்ணெய் பூசி, உறுதியான மரக்கட்டையில் இருத்தினாலே பெரும்பணி முடிந்தது. மேல்முகம் பளபளக்க வேண்டும் என்று சாணை பிடித்தல் ஆகாது. அடித்தெடுத்த பழம் பட்டடைகளின் உடல் மெல்லிரும்பு. மேலே காய்ச்சி ஒட்டிய எஃகுத் தகடு சுமார் அரை அங்குலக் கனமே. நூறாண்டு அடி தாங்கிய அத்தகட்டை ஒரு மணி நேரச் சாணை தின்றுவிடும். நெருப்பில் இடுதலும் தீது. எஃகின் பதம் கெடும். சிறு பள்ளங்கள் இருந்தால் இருக்கட்டும். அவை முன்னோன் உழைப்பின் தழும்புகள்.

பழமையைக் காப்பதென்பது அதனை மெருகிட்டுக் கூடத்தில் வைப்பதன்று. அதன் வலிமை குறையாமல் மீண்டும் தொழிலில் ஈடுபடுத்துவதே ஆகும். பிறந்த ஊர் விட்டு வந்து, இந்நகரில் உழைத்து வேரூன்றிய நம் குடும்பங்கள் இதனை நன்கு அறியும். பாட்டன் பட்டடை பழைய இரும்பாகப் போகாமல், பேரன் கையில் ஒலிப்பதாகுக!