வேகப்பந்து வீச்சாளர்களைத் துரத்தும் முதுகெலும்பு அழுத்த முறிவு

கணுக்கால் சுளுக்கு, தொடைத் தசைக் கிழிவு, முழங்கால் தசைநார் அறுபடுதல் ஆகியவை விளையாட்டு வீரர்களுக்கு அடிக்கடி நேரும் காயங்கள். இவை பெரும்பாலும் ஒரு கணத்தில், அனைவரின் கண்முன் நிகழ்பவை. வேகப்பந்து வீச்சாளர்களைப் பாதிக்கும் கீழ்முதுகு அழுத்த முறிவு அத்தகையதன்று. விழுதலோ மோதலோ இன்றி, எலும்பில் சிறுகச் சிறுகச் சேரும் நுண்விரிசல்களால் அது உருவாகிறது.

பந்தை வீசும்போது தரையில் ஊன்றும் முன்கால், உடல் எடையைப் போல் பல மடங்கு விசையைத் தாங்குகிறது. அதே நொடியில் முதுகு பின்னோக்கி வளைந்து, பக்கவாட்டில் சாய்ந்து, முறுக்கிக்கொள்கிறது. கீழ்முதுகு முள்ளெலும்பின் பின்புறமுள்ள மெல்லிய பகுதியில் இந்தச் சுமை குவிகிறது. வலக்கை வீச்சாளர் இடப்பக்கம் சாய்வதால், முறிவும் பெரும்பாலும் இடப்பக்கத்திலேயே ஏற்படுகிறது.

சேதத்தைத் தானே சரிசெய்துகொள்ளும் ஆற்றல் எலும்புக்கு உண்டு. ஆனால் அதற்கு அவகாசம் வேண்டும். ஓய்வு குறைந்து, வீசும் ஓவர்கள் திடீரெனக் கூடும்போதே சிக்கல் தொடங்குகிறது. எலும்பு முழு உறுதி பெறாத இளம் வீரர்களுக்கு ஆபத்து அதிகம். தொடக்க வலி சாதாரணத் தசைப்பிடிப்பு போலவே தோன்றும். எக்ஸ்ரேயில் தெரியாதது எம்ஆர்ஐ ஸ்கேனில் தெரியவரலாம்.

ஆஸ்திரேலியாவின் டென்னிஸ் லில்லி 1973-ல் மேற்கிந்தியத் தீவுகள் சுற்றுப்பயணத்தில் இக்காயத்துக்கு ஆளானார். உடலில் மாவுக்கட்டுடன் பல வாரங்களைக் கழித்த அவர், கடும் பயிற்சிக்குப் பின் 1974-75 ஆஷஸ் தொடரில் மீண்டும் வேகத்துடன் வீசினார். பின்னாளில் சென்னை எம்ஆர்எஃப் வேகப்பந்துப் பயிற்சி மையத்தில் இந்திய இளைஞர்களைப் பயிற்றுவித்தவரும் அவரே.

இந்தியாவின் ஜஸ்பிரித் பும்ராவுக்கு 2019-ல் கீழ்முதுகில் சிறு அழுத்த முறிவு கண்டறியப்பட்டது. முதுகுக் காயத்தால் 2022 டி20 உலகக் கோப்பையைத் தவறவிட்ட அவர், 2023 மார்ச்சில் நியூசிலாந்தில் அறுவை சிகிச்சை செய்துகொண்டு ஆகஸ்டில் களம் திரும்பினார். ஆஸ்திரேலியாவில் 32 விக்கெட்டுகளைக் குவித்த தொடரின் கடைசி டெஸ்டில், 2025 ஜனவரியில், முதுகு மீண்டும் தொல்லை தந்தது. அதே ஆண்டு இங்கிலாந்துத் தொடரின் 5 டெஸ்டுகளில் 3-ல் மட்டுமே அவர் ஆடியது விமர்சிக்கப்பட்டது. அவரது முதுகின் வரலாற்றை அறிந்தவர்களுக்கு அம்முடிவு வியப்பளிக்கவில்லை.

அழுத்த முறிவுக்கு முதன்மைச் சிகிச்சை ஓய்வே. அறுவை சிகிச்சை சிலருக்கே தேவைப்படும். முறிவு கூடப் பல மாதங்கள் ஆகலாம். அதன் பிறகும் வீச்சாளர் உடனே முழு வேகத்தில் வீச அனுமதிக்கப்படுவதில்லை. குறைந்த ஓட்டத்துடன், எண்ணி வீசும் சில பந்துகளிலிருந்தே அவர் மீண்டும் தொடங்க வேண்டியிருக்கிறது.