கையடக்க விளையாட்டுக் கருவி: வாங்கும்போதும் வாங்கிய பின்னும் கவனிக்க வேண்டியவை

கையடக்க விளையாட்டுக் கருவி சில நூறு ரிங்கிட்டிலிருந்து ஆயிரத்திற்கும் மேல் விலை போகும் பொருள். போனஸ் பணத்திலோ மாதத் தவணையிலோ வாங்கும் குடும்பத்திற்கு அது சிறிய தொகை அல்ல. ஆனால், வாங்கிய ஓராண்டிலேயே “பேட்டரி நிற்கவில்லை”, “இடம் போதவில்லை”, “இணையம் இல்லாமல் திறக்கவில்லை” என்று அலமாரிக்குள் போய்விடும் கருவிகள் பல. கொஞ்சம் விவரம் தெரிந்திருந்தால் இவற்றில் பெரும்பாலானவற்றைத் தவிர்க்கலாம். நம் வட்டாரத்தில் பரவலாகப் புழங்கும் நிண்டெண்டோ சுவிட்ச் வகையை முதன்மையாக வைத்து, அவற்றை இங்கே தொகுத்துள்ளோம்.

எந்த வகை, எவ்வளவு நேரம்?

முதல் சுவிட்ச் 2017 மார்ச் மாதம் வெளிவந்தது. 2019இல் சுவிட்ச் லைட், 2021இல் ஓலெட் திரை கொண்ட வகை, 2025 ஜூன் 5ஆம் தேதி சுவிட்ச் 2 ஆகியவை வந்தன. நிறுவனம் தரும் கணக்குப்படி ஒரு முறை சார்ஜ் செய்தால் விளையாடக்கூடிய நேரம்:

- 2017 வகை: 2.5 முதல் 6.5 மணி நேரம்
- 2019இல் மேம்படுத்தப்பட்ட அதே வகை: 4.5 முதல் 9 மணி நேரம்
- லைட்: 3 முதல் 7 மணி நேரம்
- ஓலெட்: 4.5 முதல் 9 மணி நேரம்
- சுவிட்ச் 2: 2 முதல் 6.5 மணி நேரம்

முதல் இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். கருவியின் அடியில் உள்ள வரிசை எண்ணைப் பாருங்கள். ‘எக்ஸ்ஏ’ என்று தொடங்கினால் பழையது; ‘எக்ஸ்கே’ என்று தொடங்கினால் மேம்படுத்தப்பட்டது. பழைய கருவி வாங்குவோர் விலை பேசுவதற்கு முன் இதைப் பார்ப்பது நல்லது. லைட் வகையைத் தொலைக்காட்சியில் இணைக்க முடியாது என்பதையும் பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

பெட்டியின் முன்பக்கத்தைப் படியுங்கள்

பிரிக்பீல்ட்ஸில் இருப்பவர்கள் மோனோரயில் ஏறினால் இம்பி நிலையத்தில் இறங்கி லோ யாட் பிளாசாவுக்கு நடந்தே போகலாம். கிள்ளானிலிருந்து வருவோருக்கும் கொம்யூட்டரில் கேஎல் சென்ட்ரல் வந்து மாறினால் போதும். எந்தக் கடையானாலும் பணம் கட்டுவதற்கு முன் மூன்று விஷயங்களைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

முதலாவது, மொழி. ஜப்பானின் உள்நாட்டுச் சந்தைக்கென விற்கப்படும் சுவிட்ச் 2 கருவியில் ஜப்பானிய மொழி மட்டுமே இருக்கும். ஜப்பானியக் கணக்கை மட்டுமே இணைக்க முடியும். விலை மலிவாக இருக்கிறதே என்று எடுத்துவிட்டால் பிறகு மாற்ற வழியில்லை.

இரண்டாவது, உத்தரவாதம். அது உள்ளூர் உத்தரவாதமா, கடை மட்டும் தரும் உத்தரவாதமா, எத்தனை மாதம் என்பதை ரசீதிலேயே எழுதி வாங்குங்கள்.

மூன்றாவது, விளையாட்டு அட்டையின் வகை. சுவிட்ச் 2 விளையாட்டுகள் சிலவற்றில் அட்டைக்குள் விளையாட்டே இருக்காது. திறவுகோல் மட்டும்தான் இருக்கும். முழு விளையாட்டையும் இணையத்தில் பதிவிறக்கம் செய்ய வேண்டும். அதன் பிறகும் விளையாடும்போது அட்டை கருவிக்குள் இருக்க வேண்டும். இந்த விவரம் பெட்டியின் முன்பக்கத்தின் கீழ்ப்பகுதியில் அச்சிடப்பட்டிருக்கும். இணைய வேகம் சீராக இல்லாத தோட்டப்புற வீடுகளுக்கு இது முக்கியம். பெரிய விளையாட்டுகள் பல்லாயிரம் மெகாபைட் அளவுள்ளவை. கைப்பேசித் தரவில் இறக்கினால் அந்த மாதத் தரவே தீர்ந்துவிடலாம்.

இணையக் கடையில் வாங்கும் விளையாட்டு உங்கள் கணக்கோடு சேர்ந்தது. அதை மறுபடி விற்க முடியாது. அட்டையை விற்கலாம், மாற்றிக்கொள்ளலாம், அத்தை மகனுக்குக் கொடுத்து வாங்கலாம். கணக்குப் பார்த்துச் செலவு செய்யும் குடும்பத்திற்கு அட்டையே இலாபம்.

இணையம் இல்லாத வீட்டில்

சுவிட்ச் கருவிகள் இணையம் இல்லாமலேயே ஒன்றோடொன்று கம்பியில்லாத் தொடர்பில் இணையும். மாரியோ கார்ட் 8 டீலக்ஸ் போன்ற விளையாட்டில் ஆளுக்கொரு கருவியும் விளையாட்டும் இருந்தால் 8 பேர் வரை இப்படிச் சேர்ந்து விளையாடலாம். ஒரே ஒரு கருவி இருந்தாலும் ஜாய்-கான் இரண்டையும் கழற்றி ஆளுக்கொன்றாகப் பிடித்துக்கொண்டால் இருவர் விளையாட முடியும்.

பலருக்குத் தெரியாத வசதி ஒன்றும் உண்டு. ஒருவரின் கருவியில் விளையாட்டு புதுப்பிக்கப்பட்டிருந்தால், அருகில் உள்ள மற்றொரு கருவி அதிலிருந்தே புதுப்பிப்பைப் பெறலாம். விளையாட்டின் படத்தின் மேல் நின்று ‘பிளஸ்’ பொத்தானை அழுத்தி, மென்பொருள் புதுப்பிப்புப் பகுதியில் அருகில் உள்ளவரின் பதிப்போடு பொருத்தும் தேர்வை எடுக்க வேண்டும். தீபாவளிக்குப் பட்டணத்து உறவினர் வீட்டுக்குப் போகும்போது இதைச் செய்துகொள்ளலாம். பெரிய பதிவிறக்கங்களையும் அங்கேயே முடித்துக்கொண்டு திரும்பலாம்.

2025 ஏப்ரல் இறுதியில் வந்த புதுப்பிப்புக்குப் பிறகு, இணையக் கடையில் வாங்கிய விளையாட்டையும் குடும்பக் குழுவில் உள்ளவருக்கு இரண்டு வாரம் இரவல் தர முடிகிறது. ஒரு குழுவில் 8 கணக்குகள் வரை சேர்க்கலாம். இரவல் தரும்போது மட்டும் இரு கருவிகளும் அருகருகே இருக்க வேண்டும், இணையமும் தேவை. இரவல் போன விளையாட்டு திரும்பும் வரை உரியவர் அதை விளையாட முடியாது.

நினைவக அட்டையும் சேமிப்பும்

சுவிட்ச், லைட் வகைகளில் உள்ளிடம் 32 ஜிகாபைட். ஓலெட் வகையில் 64. சுவிட்ச் 2இல் 256. முதல் மூன்றுக்கும் சாதாரண மைக்ரோ எஸ்டி அட்டை போதும். சுவிட்ச் 2இல் விளையாட்டுகளை வைக்க ‘மைக்ரோ எஸ்டி எக்ஸ்பிரஸ்’ அட்டைதான் வேண்டும். பழைய அட்டை உதவாது.

நம்ப முடியாத மலிவு விலையில் ‘1 டெராபைட்’ என்று விற்கப்படும் அட்டைகளில் போலிகள் உண்டு. அவை அதிக இடம் இருப்பதாகக் காட்டும். உண்மையான இடம் நிரம்பியதும் பதிவுகளைக் கெடுத்துவிடும். கணினியில் இலவசச் சோதனை மென்பொருள் மூலம் அட்டையை முழுவதும் நிரப்பிச் சரிபார்த்த பிறகே பயன்படுத்துங்கள்.

விளையாட்டில் எட்டிய நிலைகள் நினைவக அட்டையில் சேமிக்கப்படுவதில்லை. அவை கருவிக்குள்ளேயே இருக்கும். கருவி கெட்டால் அவையும் போகும். கட்டணச் சந்தா எடுத்தால் இணையத்தில் நகல் வைக்கலாம். ஆனால், சுவிட்சுக்கு வந்த போக்கிமோன் உள்ளிட்ட சில விளையாட்டுகளுக்கு அது பொருந்தாது. கருவியை விற்பதற்கு முன் பயனர் கணக்கை வேறு கருவிக்கு மாற்றிவிடுங்கள்.

வெயில், ஈரம், இடி

சுவிட்ச் கருவி 5 முதல் 35 பாகை செல்சியஸ் வெப்பநிலையில் இயங்குவதற்காக உருவாக்கப்பட்டது. நம் ஊர் நண்பகலே அந்த மேல் எல்லையை நெருங்கிவிடும். வெயிலில் நிறுத்திய காருக்குள் வெப்பம் அதையும் தாண்டும். அங்கே கருவியை விட்டுச் செல்லாதீர்கள். தலையணை மேல் வைத்து விளையாடினால் காற்றுத் துளைகள் அடைபடும்.

இடி மின்னல் நேரத்தில் சார்ஜரைச் சுவரிலிருந்து கழற்றிவிடுங்கள். மழைக்காலத்தில் மூடியுள்ள பெட்டியில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்தோடு வைக்கலாம்.

பேட்டரி நீண்ட நாள் உழைக்க, திரை வெளிச்சத்தைக் குறையுங்கள்; தனியாக விளையாடும்போது விமானப் பயண நிலையைப் போடுங்கள். சுவிட்ச் 2இல் சுமார் 90 விழுக்காட்டோடு சார்ஜை நிறுத்தும் தேர்வு உண்டு. தேர்வுக் காலத்தில் கருவியை எடுத்து வைத்தாலும், குறைந்தது 6 மாதத்திற்கு ஒரு முறை சார்ஜ் செய்யுங்கள். முற்றிலும் தீர்ந்த நிலையில் நெடுநாள் கிடந்தால் பேட்டரி மீளாமல் போகலாம். கருவியின் பின்புறம் உப்பியிருந்தால் உடனே பயன்பாட்டை நிறுத்துங்கள். அதைக் குப்பைத் தொட்டியில் போடாமல் மின்கழிவு சேகரிப்பு இடத்தில் ஒப்படையுங்கள்.

பெற்றோர் கையில் கட்டுப்பாடு

நிண்டெண்டோவின் பெற்றோர் கட்டுப்பாட்டுச் செயலி இலவசம். ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம், இரவு எத்தனை மணி வரை, எந்த வயதுக்குரிய விளையாட்டு என்பதைக் கைப்பேசியிலிருந்தே அமைக்கலாம். இரகசிய எண்ணைப் பிள்ளைகளிடம் சொல்லாதீர்கள். வங்கி அட்டை விவரத்தைக் கருவியில் சேமித்து வைக்காதீர்கள்.

ஏமாந்தால் எங்கே போவது?

ரசீதுகளின் எழுத்து சில மாதங்களில் மங்கிவிடும். வாங்கிய அன்றே படம் பிடித்து வையுங்கள். கடையில் வாங்கிய கருவி பழுதாக இருந்து, கடைக்காரர் பொறுப்பேற்க மறுத்தால், 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அமைந்த பயனீட்டாளர் நடுவர் மன்றத்தை நாடலாம். பதிவுக் கட்டணம் 5 ரிங்கிட். 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை 3 ஆண்டுக்குள் பதிவு செய்யலாம். வழக்கறிஞர் வைக்கத் தேவையில்லை.

தனிநபரிடம் வாங்குவதற்கு இந்த வழி இல்லை. எனவே, பணம் அனுப்புவதற்கு முன் நேரில் சந்தித்து, கருவியை இயக்கி, இணையத்தில் இணைத்து, பழைய உரிமையாளரின் கணக்கு நீக்கப்பட்டதா என்று பாருங்கள். இணைய மோசடியில் பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 997 என்ற எண்ணையும் உங்கள் வங்கியையும் அழையுங்கள்.