தொழில்நுட்ப, புத்தாக்க மேலாண்மைப் பயிற்சி (ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம்)

சென்னைக்குத் தென்மேற்கே இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம், வல்லம் வடகால், ஒரகடம் எனப் பரந்து கிடக்கும் தொழிற்பேட்டை வட்டாரத்தில், புதிய இயந்திரத்தையும் புதிய மாடலையும் புதிய செய்முறையையும் உற்பத்திக்குக் கொண்டுவர ஆட்களைத் தயார்செய்யும் பயிற்சிகள் இத்தலைப்பில் அடங்கும். எம்.பி.ஏ. பட்டம் இதில் ஒரு சிறு பகுதிதான். லைனில் நிற்கும் டிப்ளமோ பயிற்சியாளர் முதல் ஆலைத் தலைவர் வரை பல படிகளில் இது நடக்கிறது, பெரும்பாலும் ஆலைக்குள்ளேயே.

இங்குள்ள பெரிய ஆலைகள் பலவற்றின் தாய்வீடு வெளிநாட்டில். 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் சான்ட்ரோ காரை உருவாக்கத் தொடங்கிய ஹூண்டாய், 2010இல் ஒரகடத்தில் திறக்கப்பட்ட ரெனோ–நிசான், 2012இல் அங்கேயே பாரத்பென்ஸ் லாரிக்காக வந்த டைம்லர் ஆகியவை இவ்வகை. எதைச் செய்வது என்பதில் கடைசிச் சொல் வெளிநாட்டுத் தலைமையகத்தில் இருக்கும். எப்படிச் செய்வது, எவ்வளவு குறைந்த கழிவில் செய்வது என்பதே இங்குள்ளவர்கள் கையில். ஆகவே இவ்வட்டாரத்தில் புத்தாக்கம் என்றால் பெரும்பாலும் செய்முறைப் புத்தாக்கம். கண்டுபிடிப்பாளரைத் தேடி வருகிறவருக்கு இது ஏமாற்றம் தரலாம். ஆனால் ஒரு வெல்டிங் லைனில் புதிய மாடலைப் பழைய மாடலோடு கலந்து ஓடவிடுவது லேசான காரியமல்ல.

இந்தப் பயிற்சி மரபு வெளிநாட்டுக் கார் கம்பெனிகளோடு தொடங்கியதுமல்ல. சென்னை பாடியிலுள்ள சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு 1998இல் தர மேலாண்மைக்கான ஜப்பானின் டெமிங் விருதைப் பெற்றது. இந்திய நிறுவனம் ஒன்றுக்கு அது முதல் முறை. வழிகாட்டியவர்களில் ஒருவர் பேராசிரியர் யோஷிகாசு சுடா. உதிரிபாக நிறுவனங்கள் சிலவற்றை ஒரு குழுவாகச் சேர்த்து, ஒருவர் ஆலையை மற்றவர் பார்த்துக் கற்கவைக்கும் ‘கிளஸ்டர்’ முறையும் அவர் பெயரோடு சேர்த்தே பேசப்படுகிறது. 5எஸ், கைசன், போகா யோகே போன்ற ஜப்பானிய ஆலைச் சொற்கள் ஒரகடத்து டீக்கடைப் பேச்சில்கூட மொழிபெயர்ப்பில்லாமல் புழங்குவதற்கு இத்தகைய பாடங்களே காரணம்.

மேலாளர் நிலையில் நடந்த பெரிய முயற்சி ‘விஷனரி லீடர்ஸ் ஃபார் மேனுஃபேக்சரிங்’ என்ற இந்திய–ஜப்பான் கூட்டுத் திட்டம். 2007இல் தொடங்கிய இதன் பின்னணியில் தேசிய உற்பத்திப் போட்டித்திறன் மன்றம் இருந்தது. அதன் அப்போதைய தலைவர் வி. கிருஷ்ணமூர்த்தி பெல், மாருதி, செயில் ஆகிய மூன்றையும் நடத்திய தமிழர். ஐ.ஐ.எம். கல்கத்தா, ஐ.ஐ.டி. கான்பூர், ஐ.ஐ.டி. மெட்ராஸ் ஆகிய மூன்றும் சேர்ந்து, வேலை அனுபவமுள்ள பொறியாளர்களுக்கு ஓராண்டு முழுநேரப் படிப்பை நடத்தின. பணியிலிருக்கும் மூத்த மேலாளர்களுக்குத் தனி வகுப்புகள் இருந்தன. திட்டத்தின் தலைமை ஆலோசகர் பேராசிரியர் ஷோஜி ஷிபா. 2012இல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ வழங்கியது. அவர் பாடத்தின் சாரம் ஒரு மீன்தொட்டி. வெளியே நின்று மீனை அளக்கும் மேலாளருக்கு ஒன்றும் புரியாது. உள்ளே குதித்து மீன்களோடு நீந்த வேண்டும். பிறகு கரையேறி, கண்டதை யோசிக்க வேண்டும். கேள்விப்பட்டியலோடு வாடிக்கையாளரைப் பார்க்கப் போகும் நம் வழக்கத்துக்கு இது நேர் எதிர். உற்பத்தி என்பதைக் குறுகிய பொருளில் கொள்ளாமல், மூலப்பொருள் முதல் பயனாளி வரையுள்ள முழுச் சங்கிலியையும் உற்பத்தி என்று கொள்ளும்படி அவர் வற்புறுத்தினார்.

அடுத்த படி லைன் பொறுப்பாளர்கள். 2016 நவம்பரில் இந்தியாவும் ஜப்பானும் 10 ஆண்டுகளில் 30,000 பேருக்குத் தொழில்திறன் கற்பிக்க உடன்பட்டன. 2017இல் தொடங்கிய முதல் நான்கு ‘ஜப்பான்–இந்தியா உற்பத்திப் பயிலகங்களில்’ ஒன்று யமஹாவுடையது; என்.டி.டி.எஃப். என்ற தொழிற்பயிற்சி நிறுவனத்துடன் சேர்ந்து தமிழ்நாட்டில் தொடங்கப்பட்டது. மற்றவை குஜராத்திலும் ராஜஸ்தானிலும் கர்நாடகத்திலும். வகுப்பறையும் ஆலையும் மாறி மாறி வரும் இந்த முறையில் பணியொழுக்கமும் பாதுகாப்பும் தொழில்நுட்பத்தோடு சேர்ந்தே கற்பிக்கப்படுகின்றன.

நோக்கியா கதை இங்கே தவிர்க்க முடியாதது. 2006இல் ஸ்ரீபெரும்புதூரில் கைபேசி உற்பத்தியைத் தொடங்கிய அந்த ஆலை, 2014 நவம்பர் 1 அன்று நின்றது. நோக்கியாவின் கைபேசிப் பிரிவு மைக்ரோசாஃப்ட்டுக்கு விற்கப்பட்டபோது, வரி வழக்கால் இந்த ஆலை கைமாறவில்லை. பொத்தான் கைபேசிச் சந்தையும் அதற்குள் ஸ்மார்ட்போனிடம் போயிருந்தது. உள்ளே பயிற்சி பெற்ற ஆயிரக்கணக்கான இளைஞர்கள், குறிப்பாகப் பெண்கள், தங்கள் திறமையை ஒரே பொருளோடு கட்டிவைத்திருந்தார்கள். ஒரு லைனை ஓட்டப் பழக்கியவர்கள், அந்த லைனே இல்லாமல் போனால் என்ன செய்வது என்று பழக்கவில்லை. 2019இல் சார்ஜர் நிறுவனமான சால்காம்ப் அந்த ஆலையை வாங்குவதாக அறிவித்தது.

தமிழக அரசின் பங்கு பெரும்பாலும் அடித்தளத்தில். டாடா டெக்னாலஜிஸுடன் இணைந்து 71 அரசு ஐ.டி.ஐ.க்கள் ‘4.0’ தொழில்நுட்ப மையங்களாக மாற்றப்பட்டன. ரோபோ, மின்வாகனம் சார்ந்த பிரிவுகள் அங்கே வந்தன. மேற்படிகளுக்கு, டசால்ட், சீமென்ஸ் நிறுவனங்களுடன் அரசின் தொழில் வளர்ச்சிக் கழகமான டிட்கோ அமைத்த டான்கேம், டான்சேம் மையங்கள் சென்னையில் உள்ளன. பெரிய ஆலை தன் பொறியாளரை ஒரு வாரம் அங்கே அனுப்பிவிடும். பத்துப் பேரை வைத்து டை செய்யும் பட்டறைக்காரருக்கு அது முடியாது. கணக்கர், கொள்முதல் அதிகாரி, தொழில்நுட்ப மேலாளர் எல்லாம் அவரே. அவர் இல்லாத ஒரு வாரத்தில் ஆர்டர் தவறிப்போகும்.