ஜெர்சி

விளையாட்டு வீரரின் மேலாடை, கறவை மாடு, திருப்பூரில் ஓடும் பின்னலாடைத் துணி மூன்றுக்கும் ஒரே பெயர். மூலம், பிரெஞ்சுக் கரையை ஒட்டி ஆங்கிலக் கால்வாயில் கிடக்கும் ஜெர்சி என்ற சிறு தீவு. 16ஆம் நூற்றாண்டில் அத்தீவினர் கம்பளி நூலில் பின்னிய காலுறைகள் கடல் கடந்து பேர்பெற்றன. ஆணும் பெண்ணும் பின்னினார்கள். வயல் வேலை கெடுகிறது என்று, அறுவடைக் காலத்தில் பின்னக் கூடாதென 1608இல் சட்டமே போட்டார்கள். ஒரு கைத்தொழில் இந்த அளவுக்கு ஊரை ஆட்கொண்டது பெரிய வியப்பு! ஊர்ப்பெயர் முதலில் நூலுக்கு ஆகி, பிறகு சட்டைக்கும் துணிக்கும் ஆனது.

திருப்பூரில் டி-ஷர்ட்டுக்கு ஓட்டும் 'சிங்கிள் ஜெர்சி'யின் முகப்பில் சடைபோல நெடுவரிகள் இருக்கும். பின்புறம் அலையலையாய்க் குறுக்குவரிகள். இதையே கையால் பின்னினால் ஒரு வரிசை நேர்ப்பின்னல் (knit), அடுத்தது புரட்டுப் பின்னல் (purl). கண்ணிகளின் இழுவிசை இருபுறமும் சமமில்லை. அதனால் ஓரம் சுருளும். புதிதாகப் பின்னுவோர் அதைத் தம் கைப்பிழை என்று அவிழ்த்துவிட வேண்டாம். இரு ஓரத்திலும் நாலைந்து கண்ணிகளை எல்லா வரிசையிலும் நேர்ப்பின்னலாகவே போட்டு வந்தால் சுருள் பெரும்பாலும் அடங்கும்.