படைபலமும் அரசியலும்: கண்டி கண்ட இரு இராணுவச் சட்டங்கள்

இராணுவவாதம் என்றதும் நம்மிற் பலருக்கு ஜேர்மனியின் நினைவே வருகிறது. கெய்சரின் கடற்படைச் சட்டங்கள், 1906ல் பிரித்தானியா நீரில் இறக்கிய 'டிரெட்நோட்' போர்க்கப்பல், அதற்குப் போட்டியாக ஜேர்மனி கட்டிய கப்பல்கள் ஆகியவற்றையெல்லாம் பாடசாலையில் மனனஞ்செய்து பரீட்சையில் ஒப்புவித்தவர்கள் நாம். படைகள் ஐரோப்பாவில் பெருகின, யுத்தமும் அங்கேயே மூண்டது, அதன் வெப்பம் மாத்திரம் இங்கு வந்து தொட்டது என்பதே அப்பாடங்கள் நமக்குத் தந்த எண்ணம். ஆனால் புசல்லாவையிலிருந்து பஸ் ஏறினால் நாம் சென்றிறங்கும் கம்பளையிலும், அதற்கப்பால் கண்டியிலும் இதே வியாதியின் குறிகள் காணப்பட்டன என்பதை அப்பாடப்புத்தகங்கள் சொல்லவில்லை.

படை வைத்திருப்பதனால் மட்டும் ஒரு நாடு இராணுவவாத நாடாகிவிடாது. சிக்கல் ஒன்று எழுந்தால் நீதிபதியையும் மந்திரியையும் பின்தள்ளிவிட்டுப் படைத்தலைவனின் சொல்லே முதற்சொல்லாகிறதா என்பதுதான் கேள்வி. 1914 ஆகஸ்ட் 1ந் திகதி பேர்லினில் நடந்ததைப் பாருங்கள். பிரான்சுடன் போரின்றியே இருந்துவிடலாம் என்று ஒரு நம்பிக்கை அன்று மாலை கெய்சருக்குத் தோன்றியது. உடனே சேனாதிபதி மொல்ற்கேயை அழைத்து, படை முழுவதையும் கிழக்கே ருஷ்யாவை நோக்கித் திருப்பும்படி கூறினார். அது இயலாது என்றார் மொல்ற்கே. இலட்சக்கணக்கான வீரரை ஏற்றிச் செல்லும் ரயில்களின் நேர அட்டவணை மேற்குத் திசைக்கென்றே பல வருடங்களாக வகுக்கப்பட்டிருந்தது. சக்கரவர்த்தியின் விருப்பத்தை ரயில் அட்டவணை தடுத்தது! அந்த நம்பிக்கையும் அன்றிரவே பொய்த்தது. 4ந் திகதி ஜேர்மன் படை பெல்ஜியத்துள் நுழைந்தது.

இனி நம் ஊர்ப் பக்கம் வருவோம். வேர்ம்ஸ் சகோதரர் 1841ல் சீனத் தேயிலைக் கன்றுகளை நட்ட றொத்சைல்ட் தோட்டம் இங்கே நம் கண்முன் இருக்கிறது. அக்காலத்தில் இம்மலைகளில் கோப்பியே அரசு செலுத்தியது. கோப்பிக்குத் தெருக்கள் வேண்டும், தெருக்களுக்குப் பணமும் உழைப்பும் வேண்டும். 1848ல் தேசாதிபதி டொரிங்டன் பிரபு துப்பாக்கிக்கும் நாய்க்கும் கடைக்கும் வரி விதித்தார். தெருவேலைக்கு ஆண்டில் ஆறு நாள் உழைக்க வேண்டும், அன்றேல் பணம் கட்ட வேண்டும் என்றார். மாத்தளையிலும் குருணாகலையிலும் குடியானவர் கிளர்ந்தெழுந்தனர். ஜூலை 29ல் கண்டியில் இராணுவச் சட்டம் பிரகடனஞ் செய்யப்பட்டது. ஆகஸ்ட் 8ல் வீர புரன் அப்பு கண்டியிற் சுட்டுக் கொல்லப்பட்டான். பௌத்த பிக்கு ஒருவர் காவியுடையுடனேயே சுடப்பட்டார். அரசாங்கப் படையிலோ ஒருவரும் உயிரிழக்கவில்லை. கிளர்ச்சி சில நாட்களில் அடங்கிவிட்டது. இராணுவச் சட்டமோ ஒக்டோபர் வரை நீடித்தது. பாராளுமன்ற விசாரணையின் பின் டொரிங்டன் திரும்ப அழைக்கப்பட்டார் என்பது உண்மையே. இறந்தவருக்கு அதனால் என்ன பயன்?

இரண்டாவது இராணுவச் சட்டத்தின் கதை கம்பளையில் ஆரம்பிக்கிறது. வல்லஹகொட தேவாலயத்துப் பெரஹரா மேளதாளத்துடன் பள்ளிவாசல் ஒன்றைக் கடந்து செல்லலாமா என்பதே வழக்கு. 1815ம் ஆண்டுக் கண்டி ஒப்பந்தம் தமக்கு அவ்வுரிமையைத் தந்ததென்று தேவாலயத்தார் வாதித்தனர். 1914ல் கண்டி மாவட்ட நீதிபதி போல் பீரிஸ் அவர்கள் தேவாலயத்தார் பக்கம் தீர்ப்பளித்தார். 1915 பெப்ரவரியில் உயர்நீதிமன்றம் அதனை மாற்றிவிட்டது. மே மாதம் 28ந் திகதி, வெசாக் இரவில், கண்டித் தெருவில் ஊர்வலத்தாருக்கும் பள்ளிவாசலில் நின்றோருக்கும் கைகலப்பு மூண்டது. சில நாட்களுள் அது பல மாகாணங்களுக்கும் பரவியது. சோனகரின் கடைகள் சூறையாடப்பட்டன, பள்ளிகள் சேதமாயின, உயிர்களும் பறிபோயின. இக்கலகத்தை எந்தப் படையும் உண்டாக்கவில்லை. மதப்பூசலும் வியாபாரப் பொறாமையும் சேர்ந்து வளர்த்த தீ அது. அவ்வளவில் நாம் இராணுவவாதத்தின்மேற் பழி சுமத்த மாட்டோம்.

அதன்பின் நடந்ததே வேறு. பிரித்தானியா அப்பொழுது மகாயுத்தத்தில் ஈடுபட்டிருந்தது. கண்டியைத் தலைமையிடமாகக் கொண்ட தோட்டத்துரைமார் துப்பாக்கிப் படையிலிருந்து ஒரு பிரிவு 1914லேயே எகிப்துக்குக் கப்பலேறிவிட்டது. எங்கும் எதிரியையே தேடிய அக்காலத்துக் கண்களுக்குத் தெருச்சண்டை இராஜத்துரோகமாகத் தெரிந்தது. ஜூன் 2ல் தேசாதிபதி சேர் றொபேட் சாமர்ஸ் இராணுவச் சட்டத்தைப் பிரகடனஞ் செய்து, அதிகாரத்தைப் படைத்தளபதி மல்கமிடம் ஒப்படைத்தார். இந்தச் சாமர்ஸ் பாளி மொழியிற் புலவர், ஜாதகக் கதைகளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர். அவருடைய புதல்வர் இருவரும் அதே 1915ல் போர்முனையில் மாண்டனர். கல்வியாலோ கருணையாலோ குறைந்த ஒருவரென்று அவரை நாம் சொல்லத் துணியோம். அத்தகையவரும் வாய்மூடியிருக்கும்படி செய்வதே படைமுறையின் வல்லமை.

கலகம் ஒரு வாரமளவில் ஓய்ந்தது. இராணுவச் சட்டம் ஆகஸ்ட் 30 வரை இருந்தது. பஞ்சாபிப் படையினரும் ஆயுதந்தாங்கிய ஐரோப்பியத் தொண்டர்களும் கிராமங்களுக்கு அனுப்பப்பட்டனர். விசாரணையின்றியே சிலர் சுடப்பட்டனர். கொழும்பு நகரக் காவற்படையிற் கப்டனாயிருந்த ஹென்றி பேதிரிஸ் என்ற இளைஞன் இராணுவ நீதிமன்றத்தின் தீர்ப்பின்படி ஜூலை 7ல் சுட்டுக் கொல்லப்பட்டான். அவனுக்கு வயது 26. எமது மன்றத்து அங்கத்தவர் பலரின் வயதுதான் அது. டீ. எஸ். சேனநாயக்க, டி. பீ. ஜயதிலக்க முதலியோர் சிறையில் இடப்பட்டனர். அதிகாரிகள் செய்தவற்றுக்கு அவர்களைப் பொறுப்பாக்க முடியாதென்று ஒரு கட்டளையும் பிறந்தது.

அந்நேரத்தில் சட்ட நிரூபண சபையில் எழுந்து பேசியவர் சேர் பொன்னம்பலம் இராமநாதன். அவர் இலண்டன் சென்று வாதாடியதும், திரும்பிவந்தபோது சிங்கள மக்கள் குதிரைகளை அவிழ்த்துவிட்டுத் தாமே அவருடைய வண்டியை இழுத்துச் சென்றதும் நம் பெரியோர் அடிக்கடி சொல்லும் கதை. எனினும் ஒன்றை மறைக்கலாகாது. இராணுவச் சட்டத்தின் கொடுமையை எடுத்துரைத்த வேகத்தில் சோனகர் பட்ட துன்பத்துக்கு உரிய இடம் அளிக்கப்படவில்லை. அந்த மனக்குறை அச்சமூகத்தில் நெடுங்காலம் நிலைத்தது. கிராமங்கள்மீது கூட்டாக விதிக்கப்பட்ட நட்டஈட்டு வரியோ சிங்களரின் மனத்தைப் புண்படுத்தியது. ஆக, படை வந்து ஒழுங்கை நிலைநாட்டிற்று, பூசலைத் தீர்க்கவில்லை. சிறையிலிருந்து வெளிவந்தவர்கள் அரசியலில் முன்னணிக்கு வந்தனர். 1919ல் இலங்கைத் தேசிய காங்கிரஸ் உதயமானது.

அடுத்த மகாயுத்தத்திலும் துப்பாக்கி ஓயவில்லை. 1940 ஜனவரி 10ல் ஹேவாஹெட்டைப் பக்கத்து முல்லோயாத் தோட்டத்தில் வேலைநிறுத்தம் செய்த தொழிலாளருள் கோவிந்தன் என்பவர் பொலிஸாரின் குண்டுக்கு இரையானார். கூலி உயர்வு கேட்ட விவகாரம் அது, தீர்க்கப்பட்டிருக்க வேண்டிய இடம் பேச்சுவார்த்தை மேசை. நம் தோட்டங்களில் இன்றும் அப்பெயரைச் சொல்வோர் உண்டு.

அந்நியர் போனபின் நிலை மாறியதா? 1949 ஒக்டோபர் 10ல் இலங்கை இராணுவம் சிறியதாகவே அமைக்கப்பட்டது. 1962ல் படை, பொலிஸ் அதிகாரிகள் சிலர் ஆட்சியைக் கவிழ்க்க முயன்று தோற்றனர். 1971ல் தென்னிலங்கை இளைஞர் கிளர்ந்தெழுந்தபோதும், 1983 முதல் 2009 வரை வடக்குக் கிழக்கில் நடந்த யுத்தத்திலும், அவசரகாலச் சட்டமே நாட்டின் அன்றாடச் சட்டம்போல் ஆகிவிட்டது. ஆயுதம் ஏந்திய இளைஞரும் மாற்றுக் கருத்துக்கு விடையாகத் துப்பாக்கியையே காட்டினர். வியாதி அரசாங்கங்களுக்கு மட்டும் உரியதன்று.

யுத்தம் முடிந்து பதினான்கு வருடங்களின் பின், 2023 ஜனவரியில், இராணுவத்தின் அங்கீகரிக்கப்பட்ட தொகை 200,783 என்று பாதுகாப்பு அமைச்சு அறிவித்தது. பொருளாதார நெருக்கடியால் நாடு தத்தளித்த காலம் அது. இத்தொகையை அடுத்த ஆண்டளவில் 135,000 ஆகவும், 2030ல் 100,000 ஆகவும் குறைப்பதாக அதே அறிவித்தல் கூறியது. 1848லும் 1915லும் கலகம் ஓய்ந்தபின் இராணுவச் சட்டத்தை நீக்கச் சில மாதங்களே சென்றன. இம்முறை கணக்கு வருடங்களில் ஓடுகிறது.